பெரணிக்குப் பக்கத்தில் நீ ஒட்டிய அட்டை

தினேஷ்,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உன்னைத் தம்பி என்று கூப்பிட்டே பழகியவள் நான். இன்றைக்கு அதுவும் வரவில்லை. இந்தக் கடிதத்தை உன் கைப்பேசிக்கு அனுப்பாமல் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு ஏன் கொடுத்தேன் என்று கேட்பாய். என்னைப் பற்றி நீ எழுதியதைச் சுவரில் ஒட்டி, மூன்று மொழியில், ஊரைக் கூட்டிப் படிக்க வைத்தாய். படித்த அதே ஊர் இதையும் படிக்கட்டும். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அந்த அட்டையை நான் பிய்த்துக் கிழித்ததற்கு நீ காரணம் கேட்டாய். வாசலில் நின்று இன்னொரு கேள்வியும் கேட்டாய். பதில் சொல்லாமல் டாக்சியில் ஏறி வந்துவிட்டேன். ஆறு வாரம் ஆகிவிட்டது. நீ கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பதிலை இப்போது எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நாற்பது வருடமாக இலை, தழை, காளான், விதை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பலகையில் உளியால் செதுக்கி, மை தடவி, தாளை மேலே போட்டு, அகப்பையின் முதுகால் தேய்த்து அச்செடுத்து வருகிறேன். சனிக்கிழமைகளில் ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் பெரியவர்கள்: ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர், தையல்கடைச் சீன அம்மா ஒருவர், தாதிகள், கணக்கர்கள். கோலாலம்பூரில் படங்களைப் பற்றி எழுதியும் கண்காட்சி வைத்தும் பிழைக்கிற என் ஒரே மகன், அம்மாவின் படங்களை ஈப்போ பழைய டவுனில் ஒரு மண்டபத்தில் வைக்கிறேன் என்று வந்தான். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா. அன்னைக்கு வந்து உக்காந்தா போதும்லா," என்றான். அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். அது என் முதல் தப்பு.

திறப்பு நாளன்று வந்து உட்காரவில்லை, சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஓர் அட்டை. புழு தின்ற ரப்பர் இலைக்குப் பக்கத்தில், இந்தத் துளைகள் தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்ட ஒரு தலைமுறையின் காயங்கள் என்று எழுதியிருந்தாய். தினேஷ், அவை புழு தின்ற துளைகள். பச்சைப் புழு, விரல்கடை நீளம். ஒரு சோப்பு டப்பாவில் அதை வைத்து வளர்த்து, அது எப்படித் தின்கிறது, ஓரத்தில் தொடங்குகிறதா நடுவில் தொடங்குகிறதா என்று நாலு நாள் பார்த்து, பிறகுதான் உளியை எடுத்தேன். துளையின் விளிம்பு காய்ந்து சற்றே மடங்கியிருக்கும். அந்த மடிப்பைப் பலகையில் கொண்டுவர மூன்று பலகையை வீணாக்கினேன். உன் அட்டையில் அந்த மடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நீ பார்த்திருந்தால்தானே எழுதுவாய்.

நான் ரப்பர் மரப் பலகையில் செதுக்குவதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறாய். தன் குடும்பத்தின் உழைப்பை உறிஞ்சிய மரத்தையே கலைஞர் கருவியாக்குகிறாராம். மேசை நாற்காலி செய்கிற ஆலையில் துண்டுப் பலகையைச் சும்மா கொடுத்தார்கள், அதனால் எடுத்தேன். என் அப்பாவை, உன் தாத்தாவை, துன்பமே உருவானவராக எழுதியிருக்கிறாய். நீ அவரைப் பார்த்ததே இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து குளித்துவிட்டுச் சீட்டாட உட்காருவார், ஆட்டத்தில் ஏமாற்றுவார், பிடிபட்டால் சிரிப்பார். தோட்டத்தில் அநியாயம் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, வீடமைப்புத் திட்டம் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் மனு எழுதியவள் நான். அந்த ஆத்திரத்தை எழுத வேண்டிய இடத்தில், மனுவில், எழுதினேன். பலகையில் இலையைத்தான் செதுக்கினேன். அந்த மனுவைப் பற்றி நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். முதல் அரைமணி நேரம் பென்சிலைத் தொடக்கூடாது, கையில் இருக்கும் இலையைப் பார்க்க வேண்டும். பிறகு பார்த்ததைச் சொல்ல வேண்டும். இது எதைப் போல இருக்கிறது என்று சொன்னால் நிறுத்திவிடுவேன். என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்லுவேன். நரம்பு எத்தனை, இடது பக்கமும் வலது பக்கமும் எதிரெதிரே கிளம்புகிறதா, முன்பின்னாகக் கிளம்புகிறதா? போலீஸ்காரர் முதல் நாள், "டீச்சர், எங்க ஸ்டேஷன்லகூட இவ்வளவு விசாரிக்க மாட்டோம்," என்றார். இப்போது அவர்தான் எல்லாரையும்விடக் கூர்மையாகப் பார்க்கிறார். இதை ஊராருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தேன். உனக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

உனக்குப் பத்து வயது. நத்தை ஒன்றை வரைந்து கொண்டுவந்து காட்டினாய். நன்றாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. ஓட்டின் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டேன். நீ மாற்றிப் போட்டிருந்தாய். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். திரும்ப வரைந்தாய், கொம்பு தப்பு என்றேன். ஆறு தடவை. ஏழாவது தடவை தாளைக் கசக்கி என் மை டப்பாவுக்குள் போட்டாய். நான் உன் முழங்கையில் அடித்தேன். அதற்குப் பிறகு நீ வரையவே இல்லை. மற்றவர்கள் வரைந்ததைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். அந்த அடிக்காக மன்னிப்புக் கேட்கிறேன். சுழி தப்பு என்று சொன்னதற்குக் கேட்க மாட்டேன்.

இனி உன் அப்பாவுக்கு வருகிறேன். ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் இடையில் பஸ் ஓட்டியவர். எனக்குப் பாதிப் படங்கள் அவரால் கிடைத்தவை. போகிற வழியில் ஏதாவது இலையோ காயோ கண்ணில் பட்டால் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய்ப் பறித்து வருவார். ஒருமுறை கடற்படைக்காரர் ஒருவர் முகாமுக்கு நேரமாகிவிட்டது என்று சத்தம் போட்டாராம். உன் அப்பா திரும்பி, "வீட்டுல ஒரு பெரிய ஆபீசர் இருக்காங்க. அவங்களுக்குப் பயந்துதான் பறிக்கிறேன்," என்று சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. ஒரு பிஸ்கட் டின்னில் ஈரத்துணியைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். நான் திறந்து பார்ப்பேன். காம்பு ஒடிந்துவிட்டது, பூச்சி அரித்துவிட்டது என்று ஏதாவது குறை சொல்லுவேன். சந்தோஷமாக இருக்கிறது என்று ஒரு தடவையாவது சொன்னேனா என்று நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. அவர் மறுபடியும் கொண்டுவருவார். கடைசியாகக் கொண்டுவந்தது அந்தப் பெரணி. சுருள் இன்னும் அவிழாத இளந்தண்டு, மேலெல்லாம் பழுப்பு நிறப் பூனைமுடி. ஒடியாமல் வந்த சிலதில் ஒன்று.

அதைச் செதுக்கத் தொடங்கி மூன்று வாரத்தில் அவருக்குச் சிறுநீரகம் கைவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உனக்குப் பத்தொன்பது வயது, தைப்பிங்கில் படித்துக்கொண்டிருந்தாய், ஓடி வந்தாய். நானும் நீயும் மாறி மாறி இருந்தோம். எட்டாம் நாள் மாலை நீ வந்ததும் நான் வீட்டுக்குப் போனேன். சமைக்கவில்லை, தூங்கவில்லை. தாளை நனைத்தேன்.

இது என்ன என்று படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும். மெல்லிய தாளில் நிறம் ஊற வேண்டுமானால் முதல் நாளே நனைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்க வேண்டும். நனைந்த தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். பெரணிக்கு இரண்டு பலகை, இரண்டு நிறம். முதல் நிறம் அடித்த தாள் சுருங்கிவிட்டால் இரண்டாவது பலகை அதன்மேல் பொருந்தாது. அதனால் மறுநாளே எல்லாவற்றையும் அடித்து முடிக்க வேண்டும். ஈரமாகவே விட்டாலும் நம் ஊர்க் காற்றுக்கு இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும். இதெல்லாம் தெரிந்துதான் நனைத்தேன். தாளைத் தண்ணீரில் போடும்போதே மறுநாள் நான் எங்கே இருக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக என்னை உறுத்துவது இதுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். பதினோரு மணிவாக்கில் போன் அடித்தது. நீதான். "அம்மா, அப்பா உங்களக் கேக்குறாரு. எப்ப வாறீங்க?" என்றாய். இதோ கிளம்பிவிட்டேன் என்றேன். கிளம்பவில்லை. ஒரு மணிக்கு மறுபடி அடித்தது. வார்டில் இருந்த தாதி. "அவருக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்குங்க. நீங்க வந்துட்டா நல்லது," என்றார் பொறுமையாக. "கையில வேல இருக்கு, முடிச்சிட்டு வாரேன்," என்றேன். அந்த அம்மா சரிங்க என்று வைத்தார். இன்னும் பதினொரு தாள் இருந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது எடுக்கவில்லை. கையெல்லாம் மை. டாக்சியில் போனால் பதினைந்து நிமிடம். கடைசித் தாளையும் அடித்து, கொடியில் மாட்டி, தேங்காய் எண்ணெய் போட்டுக் கையைத் துடைத்து, புடவை மாற்றி நான் வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அவர் இரண்டு மணிக்கே போய்விட்டார்.

நீ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். "எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டாய். வரும் வழியில் கோயிலுக்குப் போனேன் என்றேன், அர்ச்சனைக்குக் கூட்டம், வர முடியவில்லை என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் தானாக வந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். என் நகக்கண்ணில் பச்சை மை இருந்தது. நீ பார்க்கவில்லை. நீதான் எப்போதுமே பார்க்க மாட்டாயே. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் அம்மா கோயிலில் இருந்தார்கள் என்று நீயே சொன்னாய். புருஷனுக்காகச் சாமி காலில் கிடந்தாளாம் என்று பாகான் டத்தோவிலிருந்து வந்த உன் அத்தை என்னைக் கட்டிக்கொண்டார். ஒரு பொய் அவ்வளவு மரியாதையைக் கொண்டுவரும் என்று நான் நினைக்கவில்லை. வந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற தாதி ஒருவர் வகுப்பில் சேர வந்தார். மேரி என்று பெயர் சொன்னார். பெயரைச் சொல்லும்போதே எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. போனில் கூப்பிட்ட அதே குரல். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு, உங்கள் வீட்டுக்காரரை எனக்குத் தெரியும் டீச்சர் என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு ஒரு மணிக்கு அவர் கூப்பிட்டது வீட்டுப் போனுக்கு, எடுத்துப் பேசியது நான். கோயிலில் இருக்கிறவள் வீட்டுப் போனை எடுக்க முடியாது. அந்தப் பேச்சை ஆறு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவர் எடுத்ததில்லை. தேவாலயத்திலிருந்து கேக் கொண்டுவருவார், என் பக்கத்தில் உட்கார்ந்து விதைகளைச் செதுக்குவார். பொறுமையான கை.

அன்றைக்கு உன் கண்காட்சியில் பெரணிக்கு முன்னால் நான் வந்தபோது மேரி ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி உன் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். கணவரின் உயிர் பிரிந்த வேளையில் கோயிலில் பிரார்த்தனையில் இருந்த கலைஞர், பின்னர் நாற்பது நாள் துக்கத்தில் செதுக்கிய படைப்பு. சுருண்ட பெரணி, தலைகுனிந்து நிற்கும் ஒரு விதவை என்று எழுதியிருந்தாய். மேரி படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை.

"கோயில்னு போட்டிருக்கு, டீச்சர்," என்றார்.

அவ்வளவுதான். பிறகு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். எனக்குப் பின்னால் பத்துப் பேர் அந்த அட்டையைப் படித்துவிட்டு என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். அந்தக் கை பட்டதும் எனக்கு உடம்பு கூசியது. அட்டையைப் பிய்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தாய், சுவர்ச் சுண்ணாம்போடு வந்தது. நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டேன். நீ மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினாய்.

வாசல்வரை துரத்தி வந்தாய். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டேன் என்று பொருமினாய். அட்டையில் இருப்பது பொய் என்றேன்.

"எது பொய்? நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்படின்னா அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

பத்தொன்பது வருடத்தில் நீ கேட்ட நல்ல கேள்வி அதுதான். எங்கே இருந்தேன் என்று இப்போது உனக்கும் தெரியும், பத்திரிகை வாங்குகிறவர்களுக்கும் தெரியும். பின்கட்டில், மேசைக்கு முன்னால், அகப்பையோடு நின்றிருந்தேன். துக்கத்தில் செதுக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது செதுக்கினேன், அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அச்சடித்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லக் கூசினாலும்: நான் செய்ததிலேயே நல்ல படம் அதுதான். இரண்டு நிறமும் முடியளவு விலகாமல் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குக் கை நடுங்கவே இல்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்து ஓடி ஒளிந்தேனா, இல்லை, எனக்கு அவரைவிட அதுதான் முக்கியமாக இருந்ததா? இரண்டில் எது என்று கண்டுபிடித்துத் தரும்படி உன்னைக் கேட்கவில்லை. நீ கண்டுபிடிக்க ஆரம்பித்தால் அட்டை எழுதிவிடுவாய்.

உன்மேல் எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம் நீ என்னைக் கேவலப்படுத்தினாய் என்பது இல்லை. என்னை நல்லவளாக்கிவிட்டாய். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பெஞ்சில் அழுத பையன் அதை நம்பினால் எனக்குப் புரியும். முப்பத்தெட்டு வயது ஆள், படம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவன், அந்தத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பென்சிலில் தேதி எழுதியிருக்கிறேன். நான் எப்போதும் எழுதுவேன். அது உன் அப்பாவின் இறப்புச் சான்றிதழில் இருக்கும் அதே தேதி. உனக்கு அது தேவைப்படவில்லை. கதை ஏற்கனவே உன்னிடம் இருந்தது. நான் கொடுத்த கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீ திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

கண்காட்சி இந்த மாதக் கடைசிவரை இருக்கிறது என்று மண்டபத்துப் பெண் சொன்னாள். மற்ற அட்டைகளையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். இலையின் பெயர், கிடைத்த இடம், தேதி, இவை மட்டும் இருந்தால் போதும். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் படங்களை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடு. என்னை மன்னிக்கும்படி இந்தக் கடிதத்தில் எங்கேயும் நான் கேட்கவில்லை, மறுபடி படித்துப் பார்த்தாலும் இருக்காது. மன்னித்தேன் என்று நீ எழுதி வைத்தால் அதையும் கிழிப்பேன். போன சனிக்கிழமை மேரி வழக்கம்போல வந்தார், உட்கார்ந்தார், உளியைத் தீட்டித் தரச் சொன்னார், தீட்டிக் கொடுத்தேன். அந்த அளவுக்கு ஒருவர் என்னோடு இருந்தால் எனக்குப் போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்குக் காலையிலிருந்து இரண்டு மணிவரை நீதான் அவரோடு இருந்தாய். என்னைக் கேட்டார் என்றாய். எப்படிக் கேட்டார், என்ன வார்த்தை சொன்னார், கோபமாகக் கேட்டாரா, நான் வரமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, எதையும் நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. கேட்டால் நான் எங்கே இருந்தேன் என்ற பேச்சு வரும் என்று பயந்தேன். இனி அந்தப் பயம் இல்லை. வந்து சொல்லு. வர மனமில்லை என்றால் போனில் சொல்லு. அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லு. எனக்காக அதை நல்லதாக்கிவிடாதே.

அம்மா